தடைக்காலத்தில் படகும் என்ஜினும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஏப்ரல் 15 நெருங்கினாலே கேள்விகள் குவிந்துவிடும். அன்று முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. ஃபைபர் படகுக்காரர்களில் சிலரும் இந்த நேரத்தில்தான் படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரைக் கழற்றுகிறார்கள்.

அவுட்போர்டு மோட்டாரை மூன்று மாதம் கழற்றி வைக்கப் போகிறேன். டிரம்மில் போர் தண்ணீர் ரொப்பி ஓட்டிவிட்டால் போதும்தானே? (எண்ணூர்)

உள்ளே தங்கிய உப்பைக் கழுவ ஓட்டுவது சரி, தண்ணீர்தான் இடிக்கிறது. மீஞ்சூர் பக்கமெல்லாம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிக் கிடப்பது ஊருக்கே தெரியும். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரை மோட்டாருக்குள் விட்டு என்ன பயன்? லாரித் தண்ணீரில் சில குடங்களை இதற்கென்று ஒதுக்குங்கள்.

முதலில் காற்றாடியை (புரொப்பல்லர்) கழற்றிவிடுங்கள். தண்ணீர் இழுக்கும் ஜன்னல் நன்றாக மூழ்கும் அளவுக்கு டிரம் நிறைந்திருக்க வேண்டும். கியர் போடாமல், மெதுவான ஓட்டத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடட்டும். பலர் இரண்டே நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். தெர்மோஸ்டாட் உள்ள மோட்டாரில் சூடு ஏறிய பிறகுதான் அது திறக்கும், அதன் பிறகுதான் சிலிண்டரைச் சுற்றி நல்ல தண்ணீர் முழுதாகப் பாயும். பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் கையில் வெதுவெதுப்பாகப் படுகிறதா என்று பாருங்கள்.

மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டார் என்றால் கடைசிச் சில நிமிடம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டுங்கள். அப்புறம் எரிபொருள் ஹோஸைப் பிடுங்கி, தானாக அணையும் வரை விடுங்கள். கார்புரேட்டர் அடியில் உள்ள திருகைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிட வேண்டும். பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்தால் உள்சுவரெல்லாம் எண்ணெய் பூசிக்கொள்ளும்.

மோட்டாரை நிமிர்த்தியே மாட்டி வையுங்கள். படுக்க வைத்தே ஆக வேண்டுமென்றால், தண்ணீர் முழுக்க வடிந்த பிறகு, தலைப்பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். கால்பக்கம் உயர்ந்தால் மிச்சத் தண்ணீர் புகைவழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். வேலையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு இந்த இடத்தில் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம்.

கியர் ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி இருக்கிறது. தடைக்காலம் முடிந்து பார்த்துக்கொள்ளலாமா? (திருவொற்றியூர்)

கூடாது. உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்படியே வைத்தால் பேரிங்கும் பல்லும் துருப்பிடித்துவிடும். காற்றாடியைக் கழற்றி, ஷாஃப்டில் தூண்டில் நரம்போ வலை நூலோ சுற்றியிருக்கிறதா பாருங்கள். தண்ணீர் புகாமல் தடுக்கும் ஆயில் சீலை அறுப்பது பெரும்பாலும் அதுதான். சீல் மாற்றிய பிறகு புது ஆயிலைக் கீழ்த்துளை வழியாக ஏற்றுங்கள். மேல்துளையில் வழிந்ததும் முதலில் மேல் திருகை மூடி, பிறகு கீழ்த்திருகை மூடவும். வாஷரைப் பழசே போதும் என்று விடாதீர்கள்.

டேங்கில் பாதி பெட்ரோல் இருக்கிறது. விட்டு வைக்கலாமா? (ராயபுரம்)

வேண்டாம். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்காததென்றால் இப்போதே பைக்கில் ஊற்றித் தீர்த்துவிடுங்கள். டீசல் டேங்குக்கு முறை நேர்மாறு: நிரப்பி வையுங்கள். காலி இடம் குறைந்தால் உள்ளே வியர்க்கிற தண்ணீரும் குறையும்.

டிரைவர் தினமும் ஐந்து நிமிடம் லாஞ்சு (விசைப்படகு) என்ஜினை ஸ்டார்ட் செய்து நிறுத்துகிறார். நல்லதுதானே? (காசிமேடு)

அக்கறை சரி, முறை தவறு. ஐந்து நிமிடத்தில் என்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. எரியும்போது உண்டாகும் ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கும், ஸ்டார்ட் செய்யச் செலவான கரண்ட்கூட பேட்டரிக்குத் திரும்பாது. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, என்ஜின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டினால் போதும். இன்னொன்று, பழைய ஆயிலைத் தடைக்காலம் முடிந்து மாற்றும் பழக்கம் இங்கே நிறையப் பேரிடம் இருக்கிறது. அதில் சேர்ந்த அமிலம் இரண்டு மாதம் உலோகத்தை அரித்துக்கொண்டிருக்கும். படகைக் கட்டுகிற வாரத்திலேயே மாற்றுங்கள்.

பேட்டரியைக் கழற்ற வேண்டுமா? (புதுவண்ணாரப்பேட்டை)

ஆமாம், நெகட்டிவை முதலில். மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். முழுச் சார்ஜில் மீட்டர் 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும்.

ஃபைபர் படகு வெறும் மணலில் கிடக்கிறது, தார்ப்பாய் போட்டிருக்கிறேன். இது போதுமா? (பழவேற்காடு)

அடியில் இரண்டு மூன்று இடத்தில் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி வைத்து, பின்னால் உள்ள வடிகால் துளையின் அடைப்பைக் கழற்றிவிடுங்கள். தார்ப்பாயை இறுக்கிச் சுற்றினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், நடுவில் ஒரு கழி நிறுத்திக் கூரை மாதிரி சரித்துக் கட்டுங்கள். வலையை உள்ளே குவித்து வைக்காதீர்கள். எலி குடியேறினால் வலையோடு ஒயரையும் ஹோஸையும் சேர்த்துக் கடித்துவிடும். மழைக்காலத்திலும் படகு அங்கேயே கிடக்கப் போகிறதென்றால் வாரம் ஒருமுறை போய் வடிகால் துளையை ஒரு குச்சியால் குத்தி விடுங்கள். சருகு அடைத்துக்கொண்டால் படகு தொட்டியாகி, கொசு முட்டை வைத்துவிடும்.