மர சேர்ஃப் போர்டுல ஏன் ஒரு சின்ன ஓட்டை வைக்கிறாங்க?

இலங்கையில பொத்துவிலுக்குப் பக்கத்துல இருக்கிற அறுகம்பே கடற்கரையில, அலையில சறுக்கிற இந்த மர போர்டைப் பாக்கிற ஆக்கள் முதல்ல கேக்கிறது இதைத்தான். மர போர்ட் எண்டா முழுக்கட்டை இல்ல, உள்ள மீன்முள்ளு மாதிரி மெல்லிய பிளைவுட் சட்டம், மேலயும் கீழயும் 5, 6 மில்லிமீற்றர் பலகை ஒட்டினது, நடுவுல வெறுங்காத்து. மத்த போர்டுகளுக்குள்ள வைக்கிற, பெற்றோலியத்துல செய்ற ஃபோம் தேவையில்ல, எனக்குப் பிடிச்சதே அதுதான். முழுக்கட்டையில செஞ்சா சரியான பாரம், அதாலதான் டொம் பிளேக் எண்ட அமெரிக்கர் உள்ள வெறுமையா செஞ்சு 1932லயே பேட்டன்ட் எடுத்தார்.

இப்ப ஓட்டைக்கு வாறன். காத்து சூட்டுல விரியும். மூடின வெறும் சோடா போத்தலை வெய்யில்ல வச்சா உப்பும், அப்படியே ஐஸ் தண்ணியில போட்டா சப்பளியும், போர்டுக்குள்ளயும் இதேதான் நடக்குது, ஆனா மரம் போத்தல் மாதிரி வளையாது, ஒட்டின மூட்டுத்தான் விடும். பொத்துவில் வெய்யில் எப்படியெண்டு தெரியும்தானே, கரைக்கு வந்ததும் காத்து போய் வர ஓட்டையை மூடியிருக்கிற ஸ்குரூவைக் கழட்டி விடுங்க, கையால இழைச்சு இழைச்சு செஞ்ச போர்ட், பாவம்.

ஓட்டையால தண்ணி பூந்து போர்ட் மூழ்கிடும் எண்டு கனபேர் நினைக்கிறாங்க, அப்படியில்ல, கடல்ல இறங்கக்குள்ள ரப்பர் வளையம் போட்ட அந்த ஸ்குரூவால இறுக்கி மூடிட்டுத்தான் இறங்குறது.