கடைசி எழுத்து எங்கே போகிறது?

வணக்கம் சார்,

ஈரோட்டில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் பல வருடமாக டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம்தான். கோடு ஒரு வரி எழுதத் தெரியாது. லினக்ஸ் மாநாடுகளுக்குப் போகச் சொல்லி அடிக்கடி எழுதுகிறீர்கள். கடையை இரண்டு நாள் மூடினால் வருமானம் போய்விடும். பேச்செல்லாம் வீடியோவாகவும் வந்துவிடுகிறது. என்னைப் போல வெறுமனே பயன்படுத்துகிறவனுக்கு அங்கே என்ன வேலை?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

பேச்சுக் கேட்க மட்டும் என்றால் போகாதீர்கள். டெப்கான்ஃப் என்ற டெபியனின் ஆண்டு மாநாட்டில் பேச்சுகளை நேரலையாகவும் பதிவாகவும் தருவதற்கென்றே தன்னார்வலர் குழு இருக்கிறது. பாதிப் பேச்சில் எனக்கே கொட்டாவி வரும். வீட்டிலென்றால் ஓட்டிவிட்டாவது பார்க்கலாம்.

நான் முதலில் போனது ஒரு சின்னக் கூட்டம், கல்லூரி ஹாலில். தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டும்போது சில சமயம் சொல்லின் கடைசி எழுத்து காணாமல் போகும். மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு இரண்டு முறை புகார் எழுதியும் "எங்களுக்கு அப்படி வரவில்லையே" என்றுதான் பதில். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. 'சில சமயம்' என்பதை வைத்துக்கொண்டு யார் எதைத் தேடுவது?

டீ இடைவேளையில் ஒரு பெண் "தட்டிக் காட்டுங்கண்ணா" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். நான்கு வரி தட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்பேஸ் தட்டறதுக்கு முன்னாடியே மவுஸுக்குப் போயிடறீங்க" என்றார். இத்தனை வருடப் பழக்கம், எனக்கே தெரியாது! அடிக்கோட்டுடன் அரைகுறையாக நிற்கும் எழுத்து, வேறிடத்தில் க்ளிக் செய்ததும் உதிர்ந்துவிடுகிறது. பிழையை எப்படி வரவைப்பது என்று மூன்றே படியில் சொல்லும் புகாரை என்னையே எழுதவைத்தார். டீ ஆறிப்போனது. ஆனால் அந்தப் புகாருக்கு யாரும் "எங்களுக்கு வரவில்லையே" என்று எழுதவில்லை.

நீங்கள் ஒரு நாளில் தட்டும் தமிழை, அந்த மென்பொருளை எழுதுகிறவர் ஒரு மாதத்தில்கூடத் தட்டமாட்டார். உங்களுக்கு அங்கே இருக்கும் வேலை அதுதான்.

இன்னொன்று. பல வருடம் என்றால் நீங்களும் பட்டிருப்பீர்கள்: முன்பெல்லாம் டெபியன் போட உட்கார்ந்தால் வைஃபை எழுந்திருக்காது. அதற்கான ஃபர்ம்வேர் (வைஃபை சிப்பை இயக்கும் மென்பொருள்) கட்டற்றது, அதாவது யாரும் திறந்து பார்த்து மாற்றக்கூடியது, இல்லை என்பதால் அப்போது அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் சேர்க்க மாட்டார்கள். கொள்கை சரிதான், ஆனால் லேப்டாப்பை வைத்துக்கொண்டு விழித்தது நாம். 2022 ஜூலையில் கொசோவோவின் பிரிஸ்ரென் நகரில் நடந்த டெப்கான்ஃபில் டெபியன் டெவலப்பர் ஸ்டீவ் மெக்கின்டயர் இந்தச் சிக்கலைப் பேச எடுத்துக்கொண்டார். அக்டோபர் தொடக்கத்தில், ஃபர்ம்வேரை இன்ஸ்டாலரில் சேர்ப்பது பற்றிய வாக்கெடுப்பே முடிந்துவிட்டது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12இன் இன்ஸ்டாலரிலேயே ஃபர்ம்வேர் இருந்தது. இதில் வாக்கு டெபியன் டெவலப்பர்களுக்கு மட்டும்தான். ஆனால் அவர்கள் காதில் போய்ப் புலம்ப யாருக்கும் தடை இல்லை.

எல்லாக் கூட்டமும் இப்படி அமையும் என்று சொல்லமாட்டேன். பழகியவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்க, சாப்பாட்டுத் தட்டோடு ஓரமாக நின்றிருக்கிறேன். அப்போது யாரிடமாவது உங்கள் பிரச்சினையைக் கேளுங்கள். பேரைக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். பிழையைக் கேட்டால் அவர்களே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

இதற்காக ஐரோப்பா போக வேண்டாம். 2023 ஜனவரியில் மினி டெப்கான்ஃப் நம் விழுப்புரத்திலேயே நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பெரிய டெப்கான்ஃப் கொச்சிக்கு வந்தது. விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமாகப் பார்த்துப் போனால் கடைக்கும் பெரிய நஷ்டமில்லை.

உங்களைப் படுத்தும் ஃபைல் ஒன்று நிச்சயம் இருக்கும், ஒற்றெழுத்து புள்ளியைத் தொலைத்த கல்யாணப் பத்திரிகையோ என்னவோ. அதைப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். எந்த ஹாலிலும் ப்ளக் பாயிண்ட் பத்தாது. அதைக் கொண்டுவருகிறவருக்கு அங்கே தனி மரியாதை.