பேனுக்கு நாய்க்குட்டி என்ன செய்யும்?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. சில நாட்களாகத் தலையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். பார்த்தால் பேனும் ஈரும்! இதுவரை அவளுக்குப் பேனே வந்ததில்லை. இரண்டு வாரத்துக்கு முன்புதான் நாய்க்குட்டி வாங்கினோம். "அதுகிட்ட இருந்துதான் வந்திருக்கு, கொண்டுபோய் விட்டுடு, பிள்ளைக்கு மொட்டை போடு" என்கிறார் மாமியார். குட்டிக்கு வாங்கிய உண்ணி மருந்தையே இவளுக்கும் தடவலாமா என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?
– வாசகி, திருச்சி

பதில்: முதலில் அந்த உண்ணி மருந்தைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அதைத் தலையில் தடவவே கூடாது. சில நாய் மருந்துகளில் உள்ள அமிட்ராஸ் தோல் வழியாக உள்ளே போனால் குழந்தைக்கு மயக்கமே வரலாம். யாராவது மண்ணெண்ணெய் யோசனையோடு வந்தால் அவர்களுக்கும் இதே பதில்தான்.

நாய்க்குட்டி பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மனிதத் தலைப்பேன் மனித ரத்தத்தை மட்டும் குடித்து வாழ்வது. நாய்க்கு வரும் பேன் வேறு இனம். நம் தலையில் அது பிழைக்காது. நமக்கு நெருங்கிய உறவான சிம்பன்சிக்குக்கூடத் தனிப் பேன் உண்டு. இன்னொரு கணக்கும் பாருங்கள். அரிப்பு வருவது பேனின் எச்சில் ஒத்துக்கொள்ளாமல்தான். முதல்முறை பேன் வருகிறவர்களுக்கு அந்த ஒவ்வாமை உண்டாகவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அப்படியானால் குட்டி வீட்டுக்கு வரும் முன்பே பேன் குடியேறியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

பேனுக்குச் சிறகு இல்லை, குதிக்கவும் தெரியாது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து மாறும். பள்ளி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்வது, ஒரே போனில் நான்கு பேர் எட்டிப் பார்ப்பது, லீவில் பெரியம்மா பிள்ளைகளோடு ஒரே பாயில் படுப்பது போதும். தினமும் தலைக்குக் குளிக்கும் குழந்தைக்கும் வரும். அதனால் உங்கள் வளர்ப்பைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

சரி, வைத்தியம். தலையில் தாராளமாகத் தேங்காய் எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, பல் நெருங்கிய பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாருங்கள். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால் ஒரு நாள் வாரிவிட்டு விட்டால் பயனில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறையாவது இரண்டு வாரம் விடாமல் வார வேண்டும். பொறுமை இல்லையென்றால் டாக்டரைக் கேட்டு 1% பெர்மெத்ரின் லோஷன் வாங்கலாம். அதையும் ஒன்பதாம் நாள் வாக்கில் மறுபடி போட வேண்டும். வீட்டில் எல்லார் தலையையும் அன்றே பாருங்கள், கணவர் தலை உட்பட. தலையணை உறையை வெந்நீரில் அலசினால் போதும். தலையை விட்டு இறங்கிய பேன் ஓரிரு நாளில் செத்துவிடும்.

குரங்குகள் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒன்றுக்கொன்று உரோமத்தை விலக்கிப் பார்ப்பது பூச்சிக்காக மட்டுமல்ல, உறவுக்காகவும்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பேன் சீப்பை மாமியார் கையில் கொடுத்துப் பாருங்களேன். இதில் அவருக்கு அனுபவம் அதிகம் இருக்கும், மொட்டைப் பேச்சும் குறையும். மொட்டை போட்டால் பேன் போகும் என்பது உண்மைதான். ஆனால் வேண்டுதல் ஏதும் இல்லாதபோது, பள்ளிக்குப் போகிற பிள்ளையை எதற்குக் கூசவைக்க வேண்டும்?

பேன் ஒழிந்த பிறகும் சில நாள் அரிப்பு இருக்கலாம், பயப்படாதீர்கள். சொறிந்த இடத்தில் சீழ் வைத்தாலோ கழுத்தில் நெறி கட்டினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். குட்டியையும் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பேன் விஷயத்தில் அது நிரபராதி என்றாலும், உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் மனிதரையும் கடிக்கும்.