2013-இல் வந்த ஜிடிஏ 5 வீடியோ கேம் இன்னும் விற்கிறதே, எல்லாம் விளம்பரம்தானா?

கேள்வியிலேயே தீர்ப்பையும் எழுதிவிட்டீர்கள். கதையை ஒரு தடவை முடித்துவிட்டு டிஸ்கைத் தூக்கிப் போட்டவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் நாகர்கோவில் வடசேரிப் பக்கம் சில வருஷம் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4, டிவியில் மாட்டி ஆடும் மெஷின்) கேம் சென்டர் நடத்தியவன். அங்கே வந்த பையன்களில் கதையை முடித்தவன் அபூர்வம்.

குளச்சலில் இருந்து ஒருத்தன் வருவான். கன்ட்ரோலரை வாங்கியதும் ஒரு காரைத் திருடுவான். அப்புறம் யாரையும் இடிக்காமல், ரேடியோவை மாற்றி மாற்றி, சிவப்பு விளக்குக்கு நின்று நின்று கேமில் வரும் லாஸ் சாண்டோஸ் நகரம் முழுக்கச் சுற்றுவான். "லே மக்கா, யாரையாவது சுடுலே" என்று பக்கத்தில் இருப்பவன் கெஞ்சுவான். இவனுக்கோ இண்டிகேட்டர் போட பட்டன் இல்லையே என்று கவலை. வெளியே பைக்கில் ஒன்வேயில் எதிரே வருகிறவனும் இவன்தான்!

கதை முடிந்தால் டிஸ்க் செகண்ட் ஹேண்டுக்குப் போய்விடும். ஊர் சுற்ற வாங்கியவன் எதற்கு விற்கப்போகிறான்? கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. 2014-இல் பிஎஸ்4, 2022-இல் பிஎஸ்5 என்று புது மெஷினுக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தார்கள், ஆன்லைனில் புதுசு புதுசாகச் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். சவுதியில் இருந்து லீவுக்கு வரும் சித்தப்பா பிஎஸ்5 கொண்டுவந்தால், வீட்டுப் பிள்ளை முதலில் கேட்பது இதைத்தான். அவனுக்கு இது புது கேம். 20 கோடிக்கு மேல் விற்றது சும்மா இல்லை.

விளம்பரம்தான் காரணம் என்பவர்கள் மரியோ கார்ட் 8 என்ற கார் ரேஸ் கேமைப் பாருங்கள். 2014-இல் நின்டெண்டோ கம்பெனியின் வீ யூ மெஷினுக்கு வந்தது; அந்த மெஷினே சரியாக விற்கவில்லை. 2017-இல் அதையே கொஞ்சம் கூட்டி அவர்களின் அடுத்த மெஷினான ஸ்விட்சுக்குக் கொடுத்தார்கள், 6 கோடியைத் தாண்டிவிட்டது. நாலு பேர் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து ஆடலாம், சின்னப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டாம்.

பிசிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நான் டிவியில் மாட்டி ஆடும் கன்சோலைத்தான் சொல்கிறேன். எல்லாப் பழைய கேமும் இப்படி விற்காது என்பதும் தெரியும். என் அலமாரியிலேயே ஃபுட்பால் டிஸ்கை அடுத்த வருஷ டீம் வந்ததும் ஒருத்தனும் தொடமாட்டான்.

கடையை ஏன் மூடினேன் என்று கேட்பீர்கள். பிள்ளைகளைக் கெடுக்கிறேன் என்று தெருவில் பேச்சு. பேசியவர்களே சந்தைக்குப் போகும்போது பையனை என்னிடம் உட்காரவைத்துவிட்டுப் போவார்கள். அதைக்கூட விடுங்கள், கட்டட ஓனர் அட்வான்ஸை இன்னும் தரவில்லை. டிவி மாட்ட ஆணி அடித்ததற்குப் பெயின்ட் காசு கழிப்பாராம். அந்த ஆணி நான் வருவதற்கு முன்பே சுவரில் இருந்தது.