நெல் மட்டும் ஏன் இத்தனை நாடுகளில் சாமியாகவும் திருவிழாவாகவும் ஆனது?

சோறுதான் முக்கியச் சாப்பாடு, அதனால்தான் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது பாதிப் பதில். வயலில் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும், அந்தத் தண்ணீர் ஒருத்தர் கையில் மட்டும் இருக்காது, அதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

நான் இலங்கை மலையகத்தில், ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் தேயிலை மலையிலிருந்து கீழே இறங்கினால் வலப்பனை, சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்கள். மேல் வயலில் நிறைந்த தண்ணீர்தான் அடுத்த வயலுக்கு இறங்கும். மேலே இருக்கிறவர் வரப்பைக் கவனிக்காமல் விட்டால் கீழே நாலு பேருடைய நாற்று மண்ணோடு போய்விடும், அவர் தண்ணீரைக் கட்டி வைத்துக்கொண்டால் கீழே இருக்கிறவருக்கு நடவே இல்லை. அதனால் உழவு எப்போது, நடவு எப்போது என்று ஊர் பேசி முடிவு செய்ய வேண்டும், இன்று நான் உன் வயலில், நாளை நீ என் வயலில் என்று வேலை செய்ய வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் நல்ல நாள் பார்ப்பது ஊருக்கே ஒரு நாட்காட்டி மாதிரி.

இதற்கு நல்ல சாட்சி பாலித் தீவு. அங்கே சுபாக் என்ற நீர்ப்பாசனக் கூட்டங்கள் பல நூற்றாண்டுகளாக இருக்கின்றன, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதை நீர்க் கோயில்களில் கூடித் தீர்மானிப்பார்கள். 1970களில் பசுமைப் புரட்சி வந்தபோது அதெல்லாம் வெறும் சடங்கு, இடைவிடாமல் நடுங்கள் என்று விவசாயிகளிடம் சொன்னார்கள். விளைவு, தண்ணீருக்குச் சண்டை, அப்புறம் தத்திப் பூச்சி. பக்கத்துப் பக்கத்து வயல்கள் ஒரே நேரத்தில் தரிசாகக் கிடந்தால்தான் பூச்சிக்குத் தீனி இல்லாமல் போகும், கோயில் முறை அதைத்தான் செய்துகொண்டிருந்தது என்று ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளர் பின்னால் கணினியில் ஒரு மாதிரி அமைத்தே காட்டினார். 2012 இல் யுனெஸ்கோ அந்த வயல்களையும் கோயில்களையும் உலக மரபுச் சொத்தாக்கியது. பிலிப்பைன்ஸில் இஃபுகாவோ மக்களின் மலை வயல்களுக்கு அந்த இடம் 1995 இலேயே கிடைத்துவிட்டது.

அறுவடைக்கு நன்றி சொல்வதும் எங்கும் உண்டு. ஜப்பானில் நவம்பர் 23 இல் பேரரசரே புத்தரிசியைத் தெய்வங்களுக்குப் படைக்கிறார், இங்கே அனுராதபுரத்தில் ஸ்ரீ மகா போதி என்ற புனித அரச மரத்துக்குப் படைக்கிறார்கள்.

சரி, என் தண்ணீர்க் கணக்கு எங்களுக்கே பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் முன்னோரில் பலர் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்து விவசாயக் கிராமங்களிலிருந்து கோப்பிக்கும் தேயிலைக்கும் வேலைக்கு வந்தவர்கள். இங்கே அவர்களுக்கு வயல் இல்லை. கப்பலில் வந்த அரிசியைத் தோட்டம் கொடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். 1948 இல் குடியுரிமை பறிபோனபிறகு, அரசாங்கம் குடியேற்றத் திட்டங்களில் வயல் பகிர்ந்தபோதும் எங்கள் ஆட்களுக்கு இடமில்லை. 1974 இல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது பட்டினியால் தோட்டங்களில் சாவு கூடியது, சொந்தமாக ஒரு பிடி நெல் விளைவிக்க யாருக்கும் வயல் இல்லை.

அப்படியும் தை பிறந்தால் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் கோலம் போட்டு, கடையில் வாங்கிய பச்சரிசியில் பொங்கல் வைக்கிறோம். தண்ணீர் பங்கிடவோ நடவுக்கு நாள் குறிக்கவோ இதில் ஒன்றுமில்லை. எங்கிருந்து வந்தோம் என்பதை மறக்கக் கூடாது என்றுதான் வைக்கிறோம், என் பிள்ளைகளுக்கும் நான் அந்தக் காரணத்தைத்தான் சொல்கிறேன்.