அந்த ‘எல்லாரும்’ யார்?

கேள்வி: சிங்கப்பூரின் 2025 பொதுத்தேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சி (மசெக) 65.57 விழுக்காடு வாக்குகளோடு 87 இடங்களைப் பிடித்தது. அரசாங்கத்தின் கொள்கைகளை மக்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றுதானே இதற்குப் பொருள்? ஆனால் எங்கள் புளோக்குக்குக் கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்தால், விலைவாசி, பொருள் சேவை வரி, வீட்டு விலை என்று எல்லாரும் குறைதான் சொல்கிறார்கள். எது உண்மையான மக்கள் கருத்து?
– ஒரு வாசகர், ஈசூன்

பதில்: எல்லாரும் என்றால் யார் யார், ஐயா? எத்தனை மணிக்கு?

காலை பத்து மணி என்றால் அந்த மேசையை எனக்கு நன்றாகத் தெரியும். இரவு வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாத பாதுகாவலர் ஒருவர் இருப்பார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருப்பார், அதிகம் பேசுவது அவர்தான். டாக்சியை நிறுத்திவிட்டு பாலும் சர்க்கரையும் இல்லாத ஒரு கோப்பி ஓ கோசோங்கோடு உட்கார்ந்த ஓட்டுநர். மதியம் வரை எழுந்து போக அவசரமில்லாத இன்னும் இரண்டு பேர். அத்தனை பேரும் ஆண்கள். அதே நேரத்தில் அவர்களுடைய வீட்டுக்காரம்மாக்கள் சந்தையில் நிற்கிறார்கள், மகள் ராஃபிள்ஸ் பிளேசில் வேலையில் இருக்கிறாள், மகன், பதிவு செய்த பிறகு கட்டித் தரும் பிடிஓ வீட்டுச் சாவிக்காகக் காத்துக்கொண்டு மாமியார் வீட்டில் குடியிருக்கிறான். மேசை துடைக்கும் அக்கா விடியற்காலை இருட்டில் ஜோகூரிலிருந்து பாலம் தாண்டி வந்தவர். அவருக்கும் விலைவாசி தெரியும், ஆனால் அவரிடம் யாரும் கேட்பதில்லை.

உங்கள் மேசை பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. அங்கே சொல்லப்படும் குறைகளில் முக்கால்வாசி நியாயமானவை. பொருள் சேவை வரி 1994இல் 3 விழுக்காட்டில் தொடங்கி, 2007இல் 7, 2023இல் 8, 2024இல் 9 என்று ஏறியதை யாரும் கனவு காணவில்லை. ஆனால் ஐந்து பேரை எல்லாரும் என்று சொல்லாதீர்கள். 65.57 விழுக்காட்டையும் எல்லாரும் என்று சொல்லாதீர்கள். இரண்டும் ஒரே தவறுதான்.

அந்த 65.57ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பல உறுப்பினர்களைச் சேர்த்தே தேர்ந்தெடுக்கும் மரின் பரேட் - பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் போட்டியே இல்லை. வேட்புமனுத் தாக்கல் நாளிலேயே ஐந்து இடங்கள் முடிவாகிவிட்டன. அங்கேயுள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் என்ன நினைத்தார்கள் என்பது அந்த எண்ணுக்குள் இல்லை. பதிவான வாக்காளர்களே மொத்தம் ஏறத்தாழ 2.76 மில்லியன் பேர்தான். இந்தத் தீவில் இருப்பவர்களோ 6 மில்லியனுக்கும் மேல். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா வட்டாரத்துத் தேக்காவில் நம் காதில் விழும் தமிழில் பெரும்பகுதி வேலை அனுமதிச் சீட்டில் வந்த தம்பிகளுடையது. லாரியின் பின்பக்கத்தில் ஆட்களை ஏற்றிச் செல்லலாமா கூடாதா என்று எத்தனையோ ஆண்டுகளாக விவாதம் நடக்கிறது. 2023இல் மறுபடி சூடுபிடித்தபோது, தடை செய்தால் சிறிய நிறுவனங்கள் தாங்காது என்று அரசாங்கம் விளக்கியது. அந்த லாரியில் போய் வருகிறவர்களுக்கு வாக்கு இல்லை. இதை நான் இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதினேன், இனியும் எழுதுவேன். உட்கார்ந்து போக ஒரு பேருந்து இருக்கையைக்கூட அவர்களுக்குத் தர நமக்கு மனம் வரவில்லையே என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

சரி, எண்ணுக்கு வருகிறேன். 1984 பொதுத்தேர்தலில் மசெகவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 64.8 விழுக்காடு. 2025க்கும் அதற்கும் ஒரு விழுக்காட்டுப் புள்ளிகூட வித்தியாசமில்லை. ஆனால் 1984இல் அது பேரதிர்ச்சி. 1980இல் 77.7 வாங்கிய கட்சி ஒரே தேர்தலில் அவ்வளவு இறங்கியது. எதிர்க்கட்சிகளின் ஜே.பி. ஜெயரத்னம் ஆன்சனிலும் சியாம் சீ டோங் பொத்தோங் பாசிரிலும் ஜெயித்தார்கள். 79இல் 77 இடம் கையில் இருந்தும், ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற முறை இப்படியே தொடரலாமா என்று அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ வெளிப்படையாகக் கவலைப்பட்டுப் பேசினார். 2025இல் கிட்டத்தட்ட அதே எண் பலத்த ஆதரவு என்று கொண்டாடப்பட்டது. காரணம், 2020இல் 61.24க்கு இறங்கியிருந்தார்கள், லாரன்ஸ் வோங் பிரதமராகச் சந்தித்த முதல் தேர்தல் அது, உலக வர்த்தகம் ஆட்டம் கண்டிருந்த நேரம் வேறு. ஒரே எண்ணை ஒரு தடவை தோல்வியாகவும் இன்னொரு தடவை வெற்றியாகவும் படிக்க முடிகிறது என்றால், ஒவ்வொரு கொள்கையைப் பற்றியும் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அந்த எண்ணிடம் கேட்டு என்ன பயன்?

1984க்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் முக்கியம். பட்டதாரித் தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை தரும் திட்டம் அப்போது இருந்தது. படிக்க வாய்ப்பில்லாமல் போன நம் அம்மாக்களுக்கு அது எப்படி வலித்திருக்கும்! மத்திய சேம நிதிப் பணத்தை எடுக்கும் வயதை 55லிருந்து 60க்கு உயர்த்தலாம் என்ற யோசனையும் வந்திருந்தது. இரண்டுக்குமான கோபம் வாக்குப் பெட்டியில் போய் விழுந்தது. 1985இல் பட்டதாரித் தாய்மார் திட்டம் கைவிடப்பட்டது, வயதை உயர்த்தும் யோசனையும் ஒதுக்கி வைக்கப்பட்டது. மக்கள் கருத்தைக் கேட்பதற்கென்றே அதே ஆண்டில் ஒரு பிரிவு தொடங்கினார்கள். அதுதான் 2006இல் ‘ரீச்’ ஆனது. 2011இல் 60.14 விழுக்காட்டோடு அல்ஜுனிட் குழுத்தொகுதியும் மசெகவின் கைவிட்டுப் போனது. அதற்குப் பிறகுதான் புதிய பேருந்துகளுக்கு 1.1 பில்லியன் வெள்ளி வந்தது, அமைச்சர்களின் சம்பளமும் குறைந்தது.

இதைப் படித்து, வாக்கு ஒன்றே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். வாக்குச்சீட்டு தலைவாழை இலைச் சாப்பாடு மாதிரி. சாம்பார் பிடிக்கும், கூட்டு பிடிக்காது என்று பிரித்துச் சொல்ல அதில் வழியில்லை, மொத்தமாக ஒரு இலையைத்தான் எடுக்க முடியும். பிடிக்காததை ஐந்து வருடம் கழித்து, அதுவும் சமையற்காரர் ஊகித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக் கடைக்கு முன்னால் ஓர் அம்மா நின்றிருந்தார். கைப்பேசியில், அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டைத் திறக்கத் தெரியவில்லை. கடைக்காரப் பையனே வாங்கி, பத்து வெள்ளிச் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, குறியீட்டைக் காட்டி முடித்துக் கொடுத்தான். அம்மா சொன்னார்: “கவர்மெண்டு குடுக்குது, நல்லதுதாம்ப்பா. ஆனா எலும்போட சேத்து இந்த வெலையா?” ஒரே மூச்சில் இரண்டு கருத்து. இரண்டும் உண்மை. அந்த அம்மாவை உங்கள் மேசையில் உட்கார வைத்தால் எதிர்ப்பு என்று எழுதுவீர்கள், தேர்தல் கணக்கில் வைத்தால் ஆதரவு என்று எழுதுவார்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ள யாருமில்லை.

கருத்துக் கணிப்பு எதற்கு இருக்கிறது என்பீர்கள். தேர்தல் ஆணை பிறந்ததிலிருந்து வாக்களிப்பு முடியும்வரை தேர்தல் கணிப்புகளை வெளியிட இங்கே சட்டம் இடம் தராது. மற்ற நாட்களில் அந்தத் தடை இல்லை. முறையாக எடுத்தால் சிறிய மாதிரியே பெரிய உண்மையைச் சொல்லும். வாக்களிப்பு இரவில் மாதிரி எண்ணிக்கை அறிவிக்கிறார்களே, அது ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்திலும் கலந்து எடுத்த 100 சீட்டுகள்தான். அதை வைத்தே முடிவை நான்கு புள்ளி கூடக்குறைய முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் நமக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தற்செயலாக ஆயிரம் குடியிருப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தால், அதில் இந்தியர் 90 பேர் வரலாம். வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்று 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. ஆயிரத்தில் 25 பேர்! அந்த 25 பேரை வைத்துத் தமிழர் கருத்து இது என்று யாரும் சொல்ல முடியாது. பெரும்பான்மைக்கு வலிக்காத ஒரு கொள்கை நமக்கு மட்டும் வலித்தால், எந்தக் கணிப்பிலும் அது தெரியவே தெரியாது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளின் இன ஒருங்கிணைப்புக் கொள்கையைப் பாருங்கள். ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று வரம்பு வைக்கும் அது, 1989இல் வந்தது. இனங்கள் தனித்தனிப் பேட்டைகளாகப் பிரிந்துவிடக் கூடாது என்ற நோக்கத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் நம்மவர் ஒருவர் வீட்டை விற்கப் போகும்போது என்ன நடக்கிறது? வாங்க வந்த சீனத் தம்பதிக்கு வீடு பிடித்துவிட்டது. சமையலறையில் இன்னொரு அலமாரி போடலாமா என்று அளந்துகூடப் பார்க்கிறார்கள். முகவர் கைப்பேசியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுகிறார்: அந்தப் புளோக்கில் சீனர் விகிதம் நிறைந்துவிட்டது. இனி இந்தியரையோ மலாய்க்காரரையோ தேட வேண்டும். தேடுகிற கூட்டம் சிறியது என்பதால் விலையைக் குறைக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சீனரோ அதே அளவு வீட்டைத் தம் இனத்தாருக்கே நல்ல விலைக்கு விற்றுவிடுகிறார். சொன்னவர்கள் விடாமல் சொன்னதால்தான், பத்தாண்டு வைத்திருந்தும் விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் வந்தது. வர 33 ஆண்டு ஆயிற்று.

இங்கேதான் நம் அமைப்புகளோடு எனக்குப் பழைய சண்டை. அமைச்சரை அழைத்துத் தமிழில் கலந்துரையாடல் வைப்பார்கள். குத்துவிளக்கு, வரவேற்பு நடனம், பொன்னாடை, நான்கு பேச்சு, அப்புறம் கேள்வி நேரம் பத்து நிமிடம். முதல் கேள்வியில் அமைச்சரின் தமிழைப் பாராட்டுவார்கள். இரண்டாவது கேள்வி கேட்பவர் தம் அமைப்பின் வரலாற்றைச் சொல்லி முடிப்பதற்குள் பிரியாணி வந்துவிடும். வீடு விற்க முடியாதவர் கடைசி வரிசையில் கையைத் தூக்கியபடியே இருப்பார். இதை எழுதியதற்காகச் சில சங்கத்தார் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பரவாயில்லை. நடனத்தை வேறொரு நாளில் வையுங்கள், ஒலிவாங்கியை அந்தக் கடைசி வரிசைக்குக் கொடுங்கள்.

ஈசூன் வாசகரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வரவுசெலவுத் திட்டம் பிப்ரவரியில் தாக்கலாகும். அதற்கு முன்பே, டிசம்பர் ஜனவரி வாக்கில், பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்கள். உங்கள் மேசை ஐவரும் சேர்ந்து எழுதுங்கள். ‘எல்லாரும் கஷ்டப்படுகிறோம்’ என்று எழுத வேண்டாம். பாதுகாவலர் தம் சம்பளச் சீட்டையும் மாத மருந்துச் செலவையும் எழுதட்டும். ஓட்டுநர் டாக்சி வாடகையையும் ஒரு நாள் வசூலையும் எழுதட்டும். சந்தைக்குப் போயிருக்கும் வீட்டுக்காரம்மாவையும் கூப்பிட்டு, போன வருட விலையையும் இந்த வருட விலையையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், அது இந்நாட்டின் அதிகாரத்துவ மொழி. அதை ‘ரீச்’சுக்கு அனுப்புங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் இரவில் ஒரு பிரதியை அவர் கையிலும் கொடுங்கள். இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டால் எனக்கு அனுப்புங்கள். ஐந்து பேரின் கணக்கையும், வராத பதிலுக்குரிய வெற்றிடத்தையும் சேர்த்து இதே பக்கத்தில் அச்சிடுகிறேன்.