டொமைனை 10 வருஷத்துக்கு வாங்கினால் கூகுள் மதிக்குமா?

டொமைன், அதாவது இணையதளத்தின் பெயர், அதன் பதிவு விவரத்தைப் பார்த்துத் தேடுபொறிகள் தளங்களை வடிகட்டுகின்றனவா என்று பலர் பல விதமாகக் கேட்டிருந்தீர்கள். ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன்.

புதுப்பிக்கப் போனால், "5 வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டுங்கள், கூகுளில் மேலே வரும்" என்கிறார்கள். கட்டலாமா?

மேலே வருவதற்காகக் கட்ட வேண்டாம். ஆனால் இந்தப் பேச்சு சும்மா கிளம்பியதில்லை. கூகுள் 2003 டிசம்பர் கடைசி நாளில் விண்ணப்பித்து 2005 மார்ச்சில் வெளியான ஒரு காப்புரிமை ஆவணம் இருக்கிறது. ஒழுங்காகத் தளம் நடத்துகிறவர்கள் பல வருஷத்துக்கு முன்பணம் கட்டுவார்கள், மோசடித் தளங்களின் டொமைன்கள் ஒரு வருஷத்தைத் தாண்டுவது அபூர்வம், அதனால் காலாவதித் தேதியையும் ஒரு தடயமாக வைத்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். அதே 2005-ல் கூகுள், உலகம் முழுக்க டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகேன் அமைப்பிடம், டொமைன் பதிந்து தரும் பதிவாளர் என்ற அங்கீகாரமும் வாங்கியது. டொமைன் விற்க இல்லை, தேடல் முடிவுகளின் தரத்தைக் கூட்டத்தான் என்று சொன்னார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டதில் டொமைன் விற்பவர்களுக்கு நல்ல விளம்பர வாசகம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். காப்புரிமையில் இருப்பதெல்லாம் நடைமுறைக்கு வந்தே ஆக வேண்டும் என்றில்லை, கூகுள்காரர்களும் பிற்பாடு இதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், கூடுதலாகச் சில ஆயிரம் ரூபாய் கட்டினால் நல்ல பெயர் வந்துவிடும் என்றால் முதலில் கட்டுவது மோசடிக்காரன்தானே?

புதுப்பிக்க மறந்துவிடுவோம் என்கிற பயம் இருந்தால் தாராளமாகப் பல வருஷத்துக்குக் கட்டுங்கள். அது நியாயமான காரணம்.

பதிவாளராக இருந்தால் எல்லா டொமைன்களின் உரிமையாளர் விவரமும் கூகுளுக்குத் தெரியும் என்கிறார்களே?

தெரியாது. பதிவாளருக்குத் தன் வாடிக்கையாளர் விவரம்தான் தெரியும். நீங்கள் வேறு இடத்தில் வாங்கியிருந்தால், வெளியாள் யாருக்கும் தெரிவதுதான் கூகுளுக்கும் தெரியும். .காம் பதிவேட்டை நடத்தும் வெரிசைன் வசம்கூட உரிமையாளரின் முகவரி கிடையாது, அது பதிவாளரிடமே தங்கிவிடுகிறது. 2018 மே 25-ல் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தபின் பெயர், தொலைபேசி எல்லாம் பொதுப்பார்வையிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்டன. இன்றைக்கு மிஞ்சியிருப்பது பதிவான தேதி, காலாவதித் தேதி, பதிவாளர் பெயர், தளம் எங்கே இருக்கிறது என்று வழிகாட்டும் நேம்சர்வர், இப்படிச் சில. அப்புறம், கூகுள் பிற்பாடு தொடங்கிய டொமைன் விற்பனையையும் 2023-ல் ஸ்குவேர்ஸ்பேஸ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.

அப்படியென்றால் பதிவுத் தேதியை கூகுள் எதற்குமே தொட்டதில்லையா?

விளம்பரத் தொழிலில் தொட்டிருக்கிறது. ஒரு காலத்தில் டொமைனைப் பதிவு செய்து, 5 நாள் சலுகைக் காலத்துக்குள் ரத்து செய்து காசைத் திரும்ப வாங்கி, மறுபடி பதிவு செய்து, அந்த இடைவெளியில் விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கும் கூட்டம் ஒன்று லட்சக்கணக்கான பெயர்களோடு விளையாடிக்கொண்டிருந்தது. 2008-ல் இப்படிச் சுற்றிவரும் பெயர்களுக்கு விளம்பரம் தருவதில்லை என்று கூகுள் அறிவித்தது. ஐகேனும் அளவுக்கு மீறிய ரத்துகளுக்குக் கட்டணம் போட, அந்த வியாபாரம் படுத்தேவிட்டது. பதிவு விவரம் உண்மையில் உதவுவது இந்த மாதிரி மொத்தக் கொள்முதல் மோசடியைப் பிடிக்கத்தான். ஒற்றைத் தளம் வைத்திருக்கும் உங்களை எடைபோட அதில் ஒன்றும் இல்லை.

பெயரை மறைக்கும் பிரைவசி வசதி போட்டிருக்கிறேன். சந்தேகப்படுவார்களா?

மாட்டார்கள், இப்போது பெரும்பாலானவர்களின் பெயர் மறைந்துதான் இருக்கிறது. ஆனால் கடை நடத்துகிறீர்கள் என்றால் தளத்தில் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். வாங்க வருகிறவர் தேடுவது அதைத்தான்.

12 வருஷப் பழைய டொமைன் ஒன்று ஏலத்தில் வருகிறது. வயசுக்கு மதிப்பு உண்டா?

வயசுக்கு இல்லை. டொமைன் வயசால் ஒரு பயனும் இல்லை என்று கூகுளின் ஜான் முல்லர் 2019-லேயே சொல்லிவிட்டார். பார்க்க வேண்டியது அதன் பூர்வீகம். 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் காலாவதியான டொமைன்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தனி விதியாகச் சேர்த்தது, அவர்கள் காட்டும் உதாரணங்களில் ஒன்று, பழைய தொடக்கப்பள்ளித் தளத்தின் பெயரில் சூதாட்டப் பக்கங்கள் நடத்துவது. பழைய பெயரின் மரியாதையில் சம்பந்தமில்லாத சரக்கை ஏற்றினால் மாட்டுவீர்கள். நீங்களே உங்கள் தொழிலுக்கு நேர்மையாகப் பயன்படுத்தினால் பிரச்சினை இல்லை.

வாங்கும் முன், தளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் வருஷவாரியாகப் பாருங்கள். நடுவில் இரண்டு வருஷம் மாத்திரைக் கடையோ சீட்டாட்டமோ தெரிந்தால் ஓடிவிடுங்கள். வாங்கியாகிவிட்டது என்றால் முதல் வேலையாக, தள உரிமையாளர்களுக்கான கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் சேர்த்து, முந்தைய ஆள் வாங்கி வைத்த தண்டனை ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உங்கள் தலையில்தான் விடியும், சுத்தம் செய்துவிட்டு மறுபரிசீலனைக்கு மனுப் போட வேண்டும்.

போன வாரம்தான் டொமைன் வாங்கினேன். சில அலுவலகங்களில் தளம் திறக்கவில்லை, மெயிலும் ஸ்பேமுக்குப் போகிறது. கூகுள் வேலையா?

தளம் திறக்காததற்கு கூகுளைத் திட்ட வேண்டாம். பதிவுத் தேதியை வைத்து நிஜமாகவே கதவடைப்பவை பாதுகாப்பு வடிகட்டிகள்தான். அலுவலக நெட்வொர்க்குக்குக் காவல் நிற்கும் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸின் ஃபயர்வால்களில் 32 நாள் ஆகாத டொமைன்களுக்கென்று தனி வகையே உண்டு, அதைத் தடுத்துவிடுவது நல்லது என்று நிறுவனமே பரிந்துரைக்கிறது. தளங்களை வடிகட்டித் தரும் நெக்ஸ்ட்டிஎன்எஸ் சேவையில் 30 நாளுக்குட்பட்டதை மொத்தமாகத் தடுக்க ஒரு பொத்தான். மெயில் பக்கம், ஸ்பேம் அனுப்புகிறவர்களைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பு, முதல்முறை கண்ணில் படும் டொமைனை 24 மணி நேரம் ஒரு எச்சரிக்கைப் பட்டியலில் வைக்கிறது. போலித் தளம் போட்டுக் கடவுச்சொல் திருடும் ஃபிஷிங் ஆசாமிகள் காலையில் வாங்கி மாலைக்குள் எறிந்துவிடுவதால் இந்த ஏற்பாடு, நடுவில் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்யும் அமைப்புகளான எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் சரியாகப் போட்டுவிட்டுக் கொஞ்ச நாள் பொறுங்கள், ஒரே நாளில் ஆயிரம் மெயில் அனுப்பாதீர்கள். அடுத்த முறை கடை திறக்கும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே டொமைனை வாங்கி ஒரு சாதாரணப் பக்கமாவது போட்டு வையுங்கள்.

.இன் வாங்குவதா, தமிழிலேயே .இந்தியா வாங்குவதா?

இரண்டுமே தேடலில் வரும், தமிழ் எழுத்து என்பதற்காக யாரும் தள்ளி வைப்பதில்லை. ஆனால் மெயில் முகவரிக்குத் தமிழ் டொமைனை எல்லாப் படிவங்களும் ஏற்பதில்லை, அதனால் .இன் ஒன்றும் கையில் இருக்கட்டும்.